குடல், தோல் அழற்சிக்கு பெப்டைட் சிகிச்சை: "ஹலாலா?" என்ற கேள்விக்கு முன்னால் ஒரு கேள்வி

சில காலமாக உலமாக்களிடம் புதிய கேள்வி ஒன்று வருகிறது. நாள்பட்ட குடல் புண், சொரியாசிஸ், கரப்பான் போன்ற நோய்களுக்கு "பெப்டைட்" என்ற பெயரில் இணையத்தில் சிறு குப்பிகளும் மாத்திரைகளும் விற்கப்படுகின்றன. கேபிவி, பிபிசி-157, எல்எல்-37 என்று அவற்றுக்குப் பெயர்கள். "இதில் பன்றிக் கொழுப்பு இல்லை, ஆல்கஹால் இல்லை என்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்கள்.

கேட்பவர்களின் பேணுதல் பாராட்டத்தக்கது. ஆனால் மருந்து விஷயத்தில் மார்க்கம் இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது. ஒன்று, இது எதிலிருந்து செய்யப்பட்டது? மற்றொன்று, இது உண்மையிலேயே மருந்துதானா? முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்ததும் இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் இரண்டையும் பார்ப்போம்.

பெப்டைட் என்றால் என்ன?

நாம் உண்ணும் பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோர்க்கப்பட்ட நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலி குட்டையாக இருந்தால் அதற்குப் பெயர் பெப்டைட். நம் உடலே பல பெப்டைட்களைத் தயாரிக்கிறது. 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் எல்லோரும் அறிந்த உதாரணம். ஆகவே "பெப்டைட்" என்பது ஒரு மருந்தின் பெயர் அல்ல, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் உயிர் காக்கும் மருந்தும் உண்டு, இன்னும் எலிகளைத் தாண்டாத பொருளும் உண்டு. "பெப்டைட் நல்லதா?" என்று பொதுவாகக் கேட்பது, "மாத்திரை நல்லதா?" என்று கேட்பது போல. எந்தப் பெப்டைட், எந்த நோய்க்கு என்றுதான் கேட்கவேண்டும்.

வாய் வழியாக எடுக்கும் பெப்டைட்டுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வயிற்றிலும் சிறுகுடலிலும் சுரக்கும் நொதிகள் புரதத்தை உடைப்பதுபோல அதையும் உடைத்துவிடும். இன்சுலினை மாத்திரையாக விழுங்காமல் ஊசியாகப் போடுவது இதனால்தான். இந்தத் தடையைத் தாண்டும்படி அமைந்த ஒருசில பெப்டைட்களே வாய்வழி மருந்தாகியுள்ளன.

அழற்சி நோய்கள்

கிருமி நுழையும்போதோ காயம் படும்போதோ அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்கிறது. இது அழற்சி. நம்மைக் காக்க அல்லாஹ் உடலில் அமைத்துள்ள ஏற்பாடு இது. வேலை முடிந்ததும் அது அடங்கிவிடவேண்டும். சிலருக்கு அது அடங்குவதில்லை. நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே தாக்கத் தொடங்குகிறது.

பெருங்குடலின் உட்சுவரில் இது நிகழ்ந்தால் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். இரத்தமும் சளியும் கலந்த வயிற்றுப்போக்கு இதன் முக்கிய அடையாளம். வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப்பாதையின் எந்தப் பகுதியிலும் வரக்கூடியது குரோன்ஸ் நோய். தோலில் சிவந்த தடிப்பும் வெள்ளிச் செதிலும் தோன்றினால் சொரியாசிஸ். இது தொற்றுநோய் அல்ல. குடலில் அழற்சி உள்ள சிலருக்குத் தோலிலும் பாதிப்பு வருவதுண்டு. அதனால்தான் விற்பவர்கள் குடலையும் தோலையும் சேர்த்தே பேசுகிறார்கள்.

இவை எல்லாமே ஏறி இறங்கும் நோய்கள். சில மாதம் வாட்டும், பிறகு தானாகவே தணியும், மீண்டும் வரும். பின்னால் சொல்லப்போகும் ஒரு விஷயத்துக்கு இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனையில் தேறிய பெப்டைட்கள்

குடலுக்கும் தோலுக்கும் பயன்படும் பெப்டைட் மருந்து ஒன்று மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. அதன் பெயர் சைக்ளோஸ்போரின். நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து எடுக்கப்பட்டது. 11 அமினோ அமிலங்கள் வளையமாக இணைந்தது. வளையமாக இருப்பதால் குடல் நொதிகளால் எளிதில் உடைக்க முடிவதில்லை. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கப்பட்ட இம்மருந்து, கடுமையான சொரியாசிஸுக்கும் கொலைட்டிஸுக்கும் பயன்படுகிறது.

1994-ல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டீராய்டு ஊசிக்கும் அடங்காத கடும் கொலைட்டிஸ் நோயாளிகள் 20 பேர் சேர்க்கப்பட்டார்கள. இம்மருந்து பெற்ற 11 பேரில் 9 பேருக்குப் பலன் கிடைத்தது. வெற்று மருந்து பெற்ற 9 பேரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. இவ்வளவு பலன் தரும் மருந்துக்குப் பக்கவிளைவும் உண்டு. சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், இரத்த அழுத்தத்தை உயர்த்தலாம், தொற்றுகள் எளிதில் பற்றலாம். அதனால் அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே மருத்துவர் இதைக் கொடுக்கிறார்.

இப்போது வந்துள்ள இன்னொன்று ஐகோட்ரோகின்ரா. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-23 என்ற சமிக்ஞை, செல்லில் வந்து பொருந்தும் இடத்தை அடைத்துவிடும் வாய்வழிப் பெப்டைட் இது. 2024-ல் வெளியான ஆய்வில் சொரியாசிஸ் உள்ள 255 பேர் கலந்துகொண்டார்கள். 16 வாரங்கள் கழித்து, அதிகபட்ச அளவு மருந்து பெற்றவர்களில் 79 சதவீதம் பேருக்கு நோயின் தீவிரம் முக்கால் பங்காவது குறைந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் அப்படிக் குறைந்தது 9 சதவீதம் பேருக்கு. இதே மருந்து கொலைட்டிஸ் நோயாளிகளிடமும் சோதிக்கப்பட்டு வருகிறது.

ஆகவே பெப்டைட் சிகிச்சை என்பதே ஏமாற்று என்று நாம் சொல்லவில்லை. அது உண்மையான மருத்துவத் துறை. ஆனால் மேற்சொன்ன மருந்துகள் மனிதர்களிடம், வெற்று மருந்தோடு ஒப்பிட்டு, எண்ணிக் கணக்குக் காட்டியவை. குப்பியில் விற்கப்படுபவற்றின் நிலை என்ன?

கேபிவி, பிபிசி-157, எல்எல்-37

கேபிவி என்பது லைசின், புரோலின், வாலின் என்ற மூன்றே அமினோ அமிலங்கள். நம் உடலில் ஆல்ஃபா-எம்எஸ்எச் என்ற 13 அமினோ அமில ஹார்மோன் இருக்கிறது. தோலின் நிறத்தோடு தொடர்புடைய இதற்கு அழற்சியைத் தணிக்கும் தன்மையும் உண்டு. அதன் கடைசி மூன்று கண்ணிகள்தாம் கேபிவி.

2008-ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கையாகக் குடல் அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளுக்குக் குடிதண்ணீரில் கேபிவியைக் கலந்து கொடுத்தார்கள். அழற்சி குறைந்தது. இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலம் கொண்ட துணுக்குகளைக் குடலில் உள்ளே இழுக்கும் பெப்ட்-1 என்ற வாசல் இருக்கிறது. கேபிவி அதன் வழியே செல்லுக்குள் நுழைந்து, அழற்சிக் கட்டளைகளைத் தடுப்பதாகக் கண்டார்கள். அழகான ஆராய்ச்சி, நம்பிக்கை தருவதும்கூட. ஆனால் அது எலிகளிலும் ஆய்வகச் செல்களிலும் கண்டது. கொலைட்டிஸுக்கோ சொரியாசிஸுக்கோ மருந்தாக ஒப்புதல் பெற்றதல்ல கேபிவி. எலியில் பலன் தந்து மனிதரிடம் தோற்ற பொருட்கள் மருத்துவ வரலாற்றில் ஏராளம்.

அதே ஹார்மோனைப் பார்த்து உருவாக்கிய அஃபமெலனோடைட் என்ற மருந்து வேறு பாதையில் சென்றது. வெயில் பட்டாலே தோல் எரியும் ஓர் அரிய பரம்பரை நோய்க்கு, மனிதர்களிடம் சோதித்த பிறகே, 2014-ல் ஐரோப்பாவிலும் 2019-ல் அமெரிக்காவிலும் அது ஒப்புதல் பெற்றது. ஒரே ஹார்மோன் குடும்பம், ஒன்று சோதனையை முடித்தது, மற்றொன்று இன்னும் முடிக்கவில்லை.

பிபிசி-157 என்பது 15 அமினோ அமிலங்கள் கொண்டது. இரைப்பை நீரில் உள்ள ஒரு புரதத்தின் துண்டு என்று சொல்லப்படுகிறது. இதைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி குரோஷியாவின் ஸாக்ரெப் நகரில் எலிகளிடம் நடந்தவை. விளையாட்டு வீரர்கள் இதைப் பயன்படுத்தக்கூடாது என்று உலக ஊக்கமருந்து எதிர்ப்பு அமைப்பு 2022 முதல் தடை விதித்தது.

எல்எல்-37 விஷயம் இன்னும் கவனிக்கத்தக்கது. இது 37 அமினோ அமிலங்கள் கொண்ட, கிருமிகளைக் கொல்லும் நம் உடலின் சொந்தப் பெப்டைட். ஆனால் சொரியாசிஸ் உள்ள தோலில் இது தேவைக்கு மேல் சுரக்கிறது. சிதைந்த செல்களின் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு, எதிர்ப்பு மண்டலத்தை நம் உடலுக்கு எதிராகவே கிளப்பிவிடுகிறது என்று 2007-ல் வெளியான ஆய்வு காட்டியது. எரிகிற வீட்டுக்கு எண்ணெய் ஊற்றுவது போன்ற பொருளைத் தோல் நோயாளியிடமே விற்கிறார்கள் என்றால், விற்பவருக்கு என்ன தெரியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றையும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023-ல் "பாதுகாப்புக் குறித்துக் கவலைக்குரியவை" என்ற பட்டியலில் சேர்த்தது. மருந்துக் கடைகள் கலந்து தயாரிக்கும்போது சேரும் கலப்படம், ஊசியாகப் போட்டால் உடல் காட்டக்கூடிய எதிர்வினை ஆகியவை அதற்குச் சொன்ன காரணங்களில் அடங்கும்.

"எனக்குக் குணமானதே!"

"என் மச்சானுக்குக் குணமானது. கண்ணால் பார்த்தேன்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த நோய்கள் ஏறி இறங்குபவை என்று பார்த்தோம். மனிதன் புது மருந்தைத் தேடுவது நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்துக்குப் பிறகு பெரும்பாலும் இறக்கம் வரும். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும். மேலே சொன்ன ஆய்வில் வெற்று மாத்திரை விழுங்கிய 9 சதவீதம் பேரும் "எனக்குக் குணமானது" என்று சாட்சி சொல்லக்கூடியவர்களே. மருந்தின் பலனையும் நோயின் இறக்கத்தையும் பிரித்துக் காட்டுவதற்காகவே ஒப்பீட்டு ஆய்வு நடத்தப்படுகிறது.

ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒருவர் நல்லவர், தொழுகையாளி என்பதற்காக மட்டும் அவர் சொன்ன அறிவிப்பை இமாம்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அவருடைய நினைவாற்றல் எப்படி, யாரிடம் கேட்டார், தொடர் அறுபடாமல் வருகிறதா என்று விசாரித்தார்கள். மார்க்கத்தில் செய்தியை இப்படிச் சோதிக்கும் சமுதாயம், பிள்ளைகளின் உடம்பில் ஏற்றும் ஊசிக்கு மட்டும் வாட்ஸ்அப் செய்தியை ஆதாரமாக்கலாமா?

மார்க்கத்தின் பார்வை

முதல் கேள்வி, மூலப்பொருள். கேபிவி போன்ற சிறு பெப்டைட்கள் பெரும்பாலும் பிராணிகளிலிருந்து எடுக்கப்படுவதில்லை. அமெரிக்க வேதியியலாளர் புரூஸ் மெரிஃபீல்ட் 1963-ல் வெளியிட்ட முறையில், அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோர்த்து ஆய்வகத்தில் தயாரிக்கிறார்கள். இதற்காக அவருக்கு 1984-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே பெப்டைட்டைவிட அதைச் சுற்றியுள்ளவற்றைத்தான் கவனிக்கவேண்டும். மாத்திரைக் கூடு ஜெலட்டினாக இருந்தால் அது மாட்டிலிருந்தும் வரலாம், பன்றியிலிருந்தும் வரலாம். "கொலாஜன் பெப்டைட்" பொடிகள் மாடு, பன்றி, மீன் ஆகியவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுபவை. சைக்ளோஸ்போரின் மாத்திரைகள் சிலவற்றில் ஆல்கஹால் சேர்க்கப்படுகிறது.

அசுத்தமான பொருள் முற்றிலும் வேறொன்றாக உருமாறினால் சுத்தமாகிவிடுமா என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் இதற்கு விரிவான இடம் இருக்கிறது. ஷாஃபி மத்ஹபில் தானாகக் காடியாக மாறிய மது, பதனிடப்பட்ட தோல் போன்ற சிலவற்றுக்கே இச்சலுகை. ஜெலட்டின் பற்றி ஆலிம்கள் வெவ்வேறு தீர்ப்புச் சொல்வதற்கு இது முக்கியக் காரணம். அவரவர் மத்ஹப் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளவும்.

இரண்டாவது கேள்விதான் இங்கே முக்கியம். ஹலாலான மாற்று இல்லாதபோது, நிர்ப்பந்தத்தில், அசுத்தம் கலந்த மருந்தையும் பயன்படுத்தலாம் என்று ஃபுகஹாக்கள் அனுமதித்துள்ளார்கள். அதற்கு அவர்கள் வைத்த நிபந்தனையைக் கவனியுங்கள். அதில் குணம் இருக்கிறது என்று துறை அறிந்த, நம்பத்தகுந்த மருத்துவர் சொல்லவேண்டும். அதாவது சலுகையின் அஸ்திவாரமே "இது குணப்படுத்தும் என்ற அறிவு". அந்த அறிவு இல்லாத பொருளுக்கு நிர்ப்பந்தம் என்ற வாதமே எழாது. ஜெலட்டின் கூட்டில் வரும் கேபிவி மாத்திரையை "வேறு வழியில்லை" என்று சொல்லி நியாயப்படுத்த முடியாது. ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்த சைக்ளோஸ்போரினை, மாற்று இல்லாத நிலையில், சந்தேகப்பட்டு நிறுத்திவிடவும் கூடாது.

மூலப்பொருள் சுத்தமாக இருந்தால்கூட, உடலுக்குத் தீங்கு தரக்கூடியதைத் தவிர்ப்பது கடமை. சுத்தமானது எல்லாம் மருந்தாகிவிடாது.

விற்பவருக்கும் பரிந்துரைப்பவருக்கும்

மருத்துவம் கற்றவர் என்று அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்து கேடு விளைந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா நூல்களில் நபிமொழி பதிவாகியுள்ளது. குழுக்களில் மருந்துப் பெயரும் அளவும் எழுதிப் பரப்பும் நம் சகோதரர்கள் இதை நினைத்துப் பார்க்கவேண்டும். நல்ல எண்ணம் பொறுப்பை நீக்கிவிடாது.

இக்குப்பிகள் பலவற்றில் "ஆய்வுக்கு மட்டும், மனிதர் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். சட்டத்திலிருந்து தப்ப ஒரு வாசகம், வாடிக்கையாளரிடம் வேறு பேச்சு. ஈரத் தானியத்தை அடியில் மறைத்து, உலர்ந்ததை மேலே பரப்பி வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவத்தை நாம் அறிவோம். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத பொருளை விற்பதும் மார்க்கம் தடுத்த வியாபாரமே.

ஏன் நம் வீடுகளில் இது பரவுகிறது?

காரணம் வெட்கம். மலத்தில் இரத்தம் போவதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் கைவைத்தியம் நடக்கிறது. பெண் பிள்ளைக்குச் சொரியாசிஸ் என்றால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று வாப்பாவும் உம்மாவும் மறைக்கிறார்கள். வீட்டுக்கே தபாலில் வரும் குப்பி, மருத்துவமனை வரிசையில் நிற்கும் சங்கடத்தைத் தீர்த்துவிடுகிறது. நோயை மறைப்பது வெட்க உணர்வில் சேராது. சிகிச்சைக்கு அவசியமான அளவுக்கு மறைவிடத்தை மருத்துவரிடம் காட்ட மார்க்கம் அனுமதிக்கிறது. பெண்களுக்குப் பெண் மருத்துவர் கிடைத்தால் அதுவே முதன்மை.

மறைப்பதால் வரும் ஆபத்து பெரியது. நம் நாட்டில் குடலில் வரும் காசநோய், பார்வைக்குக் குரோன்ஸ் நோய் போலவே இருக்கும். இரண்டும் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தைத் தாக்கும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து குரோன்ஸுக்கு நிவாரணம், காசநோய்க்கு ஆபத்து. கொலோனோஸ்கோப்பியும் திசுப் பரிசோதனையும் செய்யாமல் இதைப் பிரித்தறிய முடியாது. பல ஆண்டுகள் நீடித்த கொலைட்டிஸ் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பையும் கூட்டும். குப்பியை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர் இழப்பது பணத்தை மட்டுமல்ல.

நோன்பும் தொழுகையும்

தோலுக்கடியிலோ தசையிலோ போடும் மருந்து ஊசி நோன்பை முறிக்காது என்பது இக்கால உலமாக்களில் பெரும்பாலோரின் கருத்து. தோலில் பூசும் களிம்பும் முறிக்காது. மாத்திரை விழுங்கினால் முறியும். கொலைட்டிஸுக்கு மெசலமைன் எனிமாவோ ஆசனவாயில் வைக்கும் மாத்திரையோ கொடுப்பதுண்டு. ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் இது நோன்பை முறிக்கும். எனிமாவைப் படுக்கும்போது எடுப்பதே வழக்கம் என்பதால் ரமளானில் இரவில் எடுத்துக்கொள்வதில் சிரமமில்லை. நோய் கடுமையாக இருந்தால் நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்யலாம். குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் ஃபித்யா கொடுக்கலாம். நோன்புக்காக மருந்தை நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

அடக்க முடியாமல் அடிக்கடி வயிற்றுப்போக்கு ஏற்படுபவர், ஃபிக்ஹில் "தங்கடம் உடையவர்" என்ற சட்டத்தின் கீழ் வரலாம். ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒளுச் செய்து தொழலாம். விவரத்தை ஆலிமிடம் கேட்டு அறிந்துகொள்ளட்டும்.

குடும்பத்தார் செய்யவேண்டியவை

1. இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, காரணமின்றி எடை குறைதல், இரவில் எழுப்பும் வயிற்றுவலி, தொடர் காய்ச்சல், இரத்தசோகை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தாமதிக்காமல் குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதற்கான பிரிவுகள் உள்ளன.

2. புது மருந்து எதையும் தொடங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். என் நோய்க்கு இது மனிதர்களிடம் சோதிக்கப்பட்டதா? என் நாட்டில் ஒப்புதல் பெற்றதா? பக்கவிளைவை யார் கண்காணிப்பார்?

3. அட்டையிலோ குப்பியிலோ தயாரிப்பு உரிமம் எண், பேட்ச் எண், காலாவதி தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் மருந்துக்கு இவை கட்டாயம். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

4. பொடியைத் தண்ணீரில் கரைத்து வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். கிருமி நீக்கப்படாத ஊசி மருந்து இரத்தத்தில் தொற்றை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

5. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். அட்ரீனல் சுரப்பி உடனே ஈடுகொடுக்காமல் உடல் தளர்ந்துவிடும். சொரியாசிஸ் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும். மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

6. ஏற்கெனவே குப்பி மருந்து எடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் பெயரைச் சொல்லுங்கள். முடிந்தால் குப்பியையே எடுத்துச் செல்லுங்கள்.

எந்த நோயையும் அல்லாஹ் அதற்கான மருந்தோடுதான் இறக்கியிருக்கிறான் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குத் தந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கை தேடச் சொல்கிறது, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கச் சொல்லவில்லை. நாளை கேபிவியும் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு மருந்தாக வரலாம். அன்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பிஸ்மில்லாஹ் சொல்லி எடுத்துக்கொள்வோம். அதுவரை, வீட்டில் நோயோடு இருப்பவரை அழைத்துக்கொண்டு முறையான மருத்துவரிடம் செல்வோம். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.